ஆளுக்கேற்ற சைக்கிள் பிறந்த கதை

சென்னையில் நெடுங்காலம் பெரியவர்களுக்கான சைக்கிள் என்றால் இரண்டே அளவுதான்: 22 இன்ச், 24 இன்ச். கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். நெட்டையாக இருந்தால் 24, மற்ற எல்லோருக்கும் 22. இந்த இன்ச் சக்கரத்தின் அளவு இல்லை. பெடல் சுழலும் அச்சிலிருந்து, சீட்டைத் தாங்கும் குழாயின் மேல்முனை வரை உள்ள நீளம். 22 இன்ச் என்பது 56 சென்டிமீட்டர். இன்றைக்கு ரோடு சைக்கிள் விற்கும் கடையில் 56 அளவு ஃபிரேம் கேட்டால், ஐந்தே முக்கால் அடிக்கு மேல் வளர்ந்தவருக்குத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இந்திய ஆணின் சராசரி உயரமோ ஐந்தரை அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஆக, மயிலாப்பூர் மாடவீதியிலும் தி.நகர் பனகல் பார்க் ஓரத்திலும் இரண்டு தலைமுறையாக ஓடிய ‘சின்ன’ சைக்கிள், ஓட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய சைக்கிள்தான்.

பெரியவர்கள் அதைச் சமாளித்த விதம் எல்லோருக்கும் தெரியும். சீட்டை அடியோடு இறக்கிவிடுவார்கள். சிக்னலில் நிற்கும்போது உட்கார்ந்தபடியே கால் தரையில் பட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கால் தரையில் பட்டால் பெடலில் முழங்கால் முழுசாக நீளாது. அரை மடக்கிலேயே ஆயிரக்கணக்கான முறை மிதிக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை. வாடகைக் கடையில் மணிக்கணக்குப் பேசி எடுத்த பெரிய சைக்கிளில், இடது கையால் ஹேண்டிலைப் பிடித்து, வலது கையால் பாரை அணைத்துக்கொண்டு, வலது காலை ஃபிரேமின் முக்கோணத்துக்குள் நுழைத்து மறுபக்கப் பெடலை மிதிப்பார்கள். உடம்பு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தபடி போகும். அந்தக் குரங்கு பெடல்தான் தமிழ்நாட்டில் பல லட்சம் பேருக்கு முதல் பாடம். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் 2024-ல் எடுத்த படத்துக்கு அதுவே பெயர்.

சைக்கிள் எப்படி இருக்கிறதோ அதற்கு ஆள் வளைந்துகொள்வது என்ற இந்தப் பழக்கம் நமக்கு இயல்பாகிவிட்டது. ஆளைப் பார்த்துச் சைக்கிள் வளைய வேண்டும் என்ற எண்ணம் எப்போது பிறந்தது? அதைத் தேடிப் போனால் வியப்பான ஒரு விஷயம் கிடைக்கிறது. அந்த எண்ணம் சைக்கிளோடு கூடவே பிறந்தது. நடுவில்தான் காணாமல் போனது.

1870களின் இங்கிலாந்து. முன்சக்கரம் நெஞ்சு உயரத்துக்கும் பின்சக்கரம் முழங்கால் உயரத்துக்கும் இருக்கும் சைக்கிளைப் படங்களில் பார்த்திருப்போம். அதில் செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருக்கும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. அதனால் வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. 54 இன்ச் சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கு நாலேகால் மீட்டருக்குச் சற்று மேல் போகும். சக்கரத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்? ஓட்டுபவரின் கால் எட்டும் வரைக்கும்தான். கவட்டிலிருந்து பாதம் வரை அளந்து, அந்த அளவுக்கு 48, 50, 52, 54 என்று சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். நீளக்கால்காரர் 60 இன்ச் வரைக்கும் போகலாம். ஓட்டுபவரின் காலே சைக்கிளின் அளவுகோலாக இருந்த காலம் அது.

அதில் ஒரு அநியாயமும் கூடவே இருந்தது. கால் நீளமானவருக்குப் பெரிய சக்கரம், பெரிய சக்கரத்துக்கு அதிக வேகம். குட்டையானவர் எவ்வளவு வலுவாக மிதித்தாலும் பிறப்பிலேயே பின்தங்கியவர். நீளப் பாவாடை கட்டிய பெண்கள் அந்த உயரத்தில் ஏறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தலைகுப்புற விழுந்து கையொடிந்தவர்களும் ஏராளம்.

கோவென்ட்ரி நகரத்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி இந்தப் பெரிய சக்கரச் சைக்கிள்களைச் செய்து பேர் வாங்கினார். அவருடைய உடன்பிறந்தவரின் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி, அதே ஊரில் 1885-ல் ‘ரோவர்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின். பெரிய பல்சக்கரம் சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றுவதால், சக்கரம் சிறிதாக இருந்தாலும் வேகம் குறையவில்லை. கால் நீளத்துக்கும் வேகத்துக்கும் இருந்த முடிச்சு அன்று அவிழ்ந்தது. ஐந்தடி ஆளும் ஆறடி ஆளும் ஒரே சக்கரத்தில், ஒரே வேகத்தில் போகலாம் என்று ஆனது. மூன்று வருஷம் கழித்து டன்லப் என்பவர் காற்றடைத்த டயரையும் கொண்டுவர, சைக்கிள் எல்லோருக்கும் ஆனது.

எல்லோருக்கும் ஆனபோதுதான் அளவெடுக்கும் வழக்கம் மறைந்தது. சீட்டை ஏற்றி இறக்கலாம், ஹேண்டிலை ஏற்றி இறக்கலாம் என்றான பிறகு, தொழிற்சாலை எதற்கு ஆளுக்கு ஆள் அளக்க வேண்டும்? இரண்டு மூன்று அளவில் ஃபிரேம் செய்து குவித்தால் போதும். மிச்சத்தை ஸ்பேனர் பார்த்துக்கொள்ளும். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. அப்படிக் குவித்துச் செய்ததால்தான் தபால்காரரும் பால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் சைக்கிள் வாங்க முடிந்தது. ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. எவ்வளவு ஏற்ற வேண்டும், எவ்வளவு இறக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவும் இல்லை.

நம் ஊர் ஹெர்குலிஸ் இந்த வம்சம்தான். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலேயப் பெயர்களோடு ஆங்கிலேயர் உடம்புக்கு வரைந்த ஃபிரேம் அளவுகளும் வந்து இறங்கின. 28 இன்ச் சக்கரம், பின்னால் நன்றாகச் சாய்ந்த சீட் குழாய், கம்பி பிரேக், இருபது கிலோ எடை. மூட்டை ஏற்றவும் குடத்தைக் கட்டவும் மேடு பள்ளத்தில் அடி வாங்கவும் அதை மிஞ்ச ஆள் இல்லை. அதன் உழைப்புக்கு இந்த நகரம் பட்ட கடன் பெரியது.

யாருக்கு எந்தச் சைக்கிள் பொருந்தும் என்பதை உடம்பின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதையும் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாக அங்கே போய்ப் பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சிலர் அதைத்தான் விரும்பவும் செய்தார்கள் என்று அவர் குறிப்பிடுகிறார். காரணம், பார் இருந்தால் அதன்மேல் குழந்தையை உட்கார வைக்கலாம். உயரம் பொருந்தாத சைக்கிள் அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தியது. பின்னால் வந்த, ஆளுக்கேற்பச் சைக்கிளைப் பொருத்தித் தரும் நல்ல ஃபிட்டர்கள் ‘இந்தச் சைக்கிளில் என்ன செய்யப் போகிறீர்கள்’ என்று முதல் கேள்வி கேட்பதும் இதற்காகத்தான்.

காணாமல் போன அளவெடுப்பைத் திரும்பக் கொண்டுவந்தது பந்தயம்.

இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் ஃபிரேம் கட்டும் கைவினைஞர்கள் வீரர்களுக்கு ஆளைப் பார்த்துக் குழாயை அறுத்துப் பற்றவைத்தார்கள். அதெல்லாம் கண்ணளவு, பழக்கம், குருவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு வீரருக்குத் தன் உடம்பு சைக்கிளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது எவ்வளவு பெரிய கவலையாக மாறும் என்பதற்கு எடி மெர்க்ஸைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1969 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரான்சின் புளுவா நகர ஓடுதளத்தில், மோட்டார் வண்டியின் பின்னால் ஓட்டும் பந்தயத்தில் ஒரு விபத்து. அவருக்கு முன்னால் மோட்டாரில் சென்ற ஃபெர்னான் வாம்ஸ்ட் இறந்துபோனார். மெர்க்ஸ் பிழைத்தார். ஆனால் இடுப்பெலும்பு இடம் மாறியது. மலையேற்றத்தில் அதற்கு முன் இருந்த சுகம் பிறகு வரவே இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் ஜூலையில்தான் அவர் தன் முதல் டூர் டி பிரான்ஸை வென்றிருந்தார். விபத்துக்குப் பிறகும் நான்கு முறை வென்றார். 1972-ல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். இத்தனையும் வலியோடு. பந்தயத்தில் ஸ்பேனரைக் கூடவே வைத்துக்கொண்டு, நடுவழியில் சீட்டை இத்தனூண்டு ஏற்றுவார், கொஞ்ச தூரம் போய் இறக்குவார். உலகத்தின் தலைசிறந்த சைக்கிள் வீரர் தன் சீட் உயரத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். கோணிய இடுப்புக்கு எது சரியான உயரம் என்று சொல்ல அன்றைக்கு ஒரு துறையே இல்லை.

அதற்கான விதை மட்டும் விழுந்திருந்தது. இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-ல் ஒரு சின்ன ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் சீட் உயரத்தை மாற்றி மாற்றி வைத்து, எந்த உயரத்தில் அதிக வேலை செய்ய முடிகிறது என்று பார்த்தார்கள். கவட்டிலிருந்து தரை வரையான கால் நீளத்தில் 109 சதவீதத் தூரம், கீழே இறங்கி நிற்கும் பெடலிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை இருந்தால் உச்சம் என்று கண்டார்கள். வீரரின் காலும் சைக்கிளின் சீட்டும் ஒரு எண்ணால் இணைந்தது அங்கேதான். இந்தத் துறையின் பிறந்தநாளாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொரு எண் பிரான்சிலிருந்து வந்தது. பெர்னார் ஹினோ, கிரெக் லெமாண்ட் என்ற பந்தய வீரர்களை வளர்த்த பயிற்சியாளர் சிரில் கிமார். அவரிடம் கற்ற கணக்கை லெமாண்ட் 1987-ல் தன் புத்தகத்தில் போட்டார்: கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் வரையான உயரம் கிடைக்கும். ஒரு வரிக் கணக்கு உலகமெல்லாம் பரவியது. வீட்டிலேயே செய்யலாம். சுவரோரமாகச் செருப்பில்லாமல் நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சீட் அழுத்துகிற அளவுக்குக் கவட்டில் அழுத்தி, அதன் மேல்விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறித்து அளக்க வேண்டும். 76 சென்டிமீட்டர் வந்தால், 0.883-ஆல் பெருக்க 67.1. அதே 76-க்கு 109 சதவீதம் போட்டு, பெடலைத் தாங்கும் கிராங்கின் 17 சென்டிமீட்டர் நீளத்தைக் கழித்தால் 65.8. ஒரே காலுக்கு இரண்டு சூத்திரமும் ஒன்றேகால் சென்டிமீட்டர் வித்தியாசமாகச் சொல்கின்றன! சைக்கிளில் ஒன்றேகால் சென்டிமீட்டர் என்பது சுகத்துக்கும் முழங்கால் வலிக்கும் இடையே உள்ள தூரம். சூத்திரம் தொடங்குவதற்குத்தான், அதோடு நிற்பதற்கு இல்லை.

ஏன் என்றால் கால் நீளம் ஒன்றாக இருந்தாலும் பாதம் ஒன்றாக இருக்காது, தொடை நீளம் ஒன்றாக இருக்காது, குதிகாலைத் தூக்கி மிதிப்பவர் உண்டு, தாழ்த்தி மிதிப்பவர் உண்டு. இதைப் புரிந்துகொண்டவர்கள் மருத்துவப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அமெரிக்காவின் போல்டர் நகரில் விளையாட்டு மருத்துவ மையம் நடத்திய ஆண்டி புரூட் சிறுவயதில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலோடு சைக்கிள் ஓட்டியவர். இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கும் என்று கருதிக்கொண்டு அளவெடுக்க அவரால் முடிந்திருக்காது. ஹோம்ஸ், புரூட், வேலன் மூவரும் 1994-ல் எழுதிய கட்டுரை உயரத்தை விட்டுவிட்டுக் கோணத்தைப் பிடித்தது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும். அதற்கும் மேல் மடங்கினால் சீட் தாழ்வு, முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். குறைவாக மடங்கினால் சீட் உயரம், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும், சீட்டில் இடுப்பு இடமும் வலமும் ஆடும். வலி எந்த இடத்தில் என்று கேட்டே சைக்கிளின் குறையைச் சொல்லிவிடலாம் என்ற அறிவு இங்கிருந்து தொடங்குகிறது.

அதற்கும் முன்னால், 1985-ல், நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் ஜியார்ஜினா டெரி என்ற இயந்திரப் பொறியாளர் கேட்ட கேள்வி எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படுகிறது. பெண்களுக்குக் கழுத்தும் தோளும் வலிக்கிறது என்றால் குறை பெண்களிடமா, சைக்கிளிடமா? கடையில் இருந்த சின்ன ஃபிரேம்களில் சீட் குழாயைத்தான் வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். ஹேண்டிலுக்கான தூரம் அப்படியே இருந்தது. அவர் பார் நீளத்தைக் குறைத்தார். குறைத்தால் முன்சக்கரம் காலில் இடிக்கும், அதனால் முன்னால் மட்டும் 24 இன்ச் சக்கரத்தைப் போட்டார். பார்க்க விசித்திரமாக இருந்த அந்தச் சைக்கிளில் உட்கார்ந்த குட்டையான பெண்களுக்கு முதல் தடவையாகக் கை ஹேண்டிலை எட்டியது. பிற்பாடு 2007-ல் ரெட்டுல் என்ற நிறுவனம் மணிக்கட்டு முதல் கால்விரல் வரை எட்டு இடங்களில் விளக்கு ஒட்டி, ஓடும்போதே முப்பரிமாணத்தில் கோணங்களை அளக்கும் கருவியைக் கொண்டுவந்தது. இன்று பெரிய கடைகளில் பார்ப்பது அந்த வழிவந்ததே. கருவி நல்லதுதான். ஆனால் டெரி கேட்ட கேள்வி இல்லாமல் எந்த விளக்கை ஒட்டியும் பயனில்லை.

இதற்கு நடுவில் தொழிற்சாலை மறுபடி ஒரு முறை அளவைச் சுருக்கியது. 1990களின் பின்பாதியில் மைக் பரோஸ் வடிவமைத்த ஜயண்ட் டி.சி.ஆர். சைக்கிளில் மேல்பார் பின்னோக்கிச் சரிந்தது. சட்டை மாதிரி ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்றே அளவு, மிச்சத்தை நீளமான சீட் போஸ்டும் ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மும் பார்த்துக்கொள்ளும். ஸ்பேனர் நம்பிக்கை திரும்பி வந்தது. இந்த முறை ஸ்பேனரைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள் என்பது வித்தியாசம்.

சென்னைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் திரு.வி.க. பாலத்தில் நின்றால், தலையில் ஹெல்மெட்டும் பின்னால் சிவப்பு விளக்குமாகத் தெற்கே போகும் கூட்டத்தைப் பார்க்கலாம். திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர்., முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், அங்கே இட்லி, வெயில் ஏறும் முன் வீடு. போகவர 100 கிலோமீட்டர். அதிலிருந்து பிரவே எனும் நெடும்பயணத்துக்குப் போகிறவர்கள் நிறைய. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், 600-ஐ நாற்பது மணி நேரத்துக்குள். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800. பத்து மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 48,000 தடவை மடங்கி நீள்கிறது. மாடவீதிக்குக் காய்கறி வாங்கப் போகும்போது தெரியாத அரை சென்டிமீட்டர் தப்பு, 48,000 மடங்கானால் தெரியும். ஃபிட்டிங் இந்த ஊரில் வேரூன்றியது இந்தச் சாலையால், இந்த வலிகளால்.

அடையாறு பக்கம் ஒரு கடையின் மாடியில் ஒரு ஃபிட்டிங்கைக் கூடவே இருந்து பார்த்தேன். வந்தவர் மயிலாப்பூர்க்காரர், ஐந்தடி இரண்டங்குலம், ஓ.எம்.ஆரில் கணினி வேலை. சைக்கிளை ஏற்றும் முன் அரை மணி நேரம் பேச்சுதான்.

“கை மரத்துப்போகுதுன்னீங்களே மேடம், எந்த விரல்?”

“சுண்டு விரலும் மோதிர விரலும். கோவளம் தாண்டினதும் ஆரம்பிச்சுடும்.”

ஃபிட்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த இரண்டு விரலுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளிவிளிம்பு வழியாகப் போகிறது. அங்கே உடம்பின் பாரம் விழுகிறது என்று அர்த்தம். பிறகு மேஜையில் படுக்க வைத்து ஒவ்வொரு காலாக நேரே தூக்கிப் பார்த்தார், பின்தொடை எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்று. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு அது சுருங்கித்தான் இருக்கும், அவருக்கும் இருந்தது. நெளி அட்டை ஒன்றை ஸ்டூலில் போட்டு உட்காரச் சொன்னார். எழுந்தபோது அதில் உட்காரும் எலும்பு இரண்டின் பள்ளம் விழுந்திருந்தது. நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, சைக்கிளோடு வந்த சீட் அவருக்குக் குறுகல் என்றார்.

அப்புறம்தான் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, கொத்தனார் வைத்திருப்பாரே, அதே ரசமட்டத்தைச் சீட்டின் மேல் வைத்தார். சீட்டின் மூக்கு கீழே குனிந்திருந்தது. யார் குனிய வைத்தது என்று கேட்க, “நான்தான். முன்னாடி அழுத்தி வலிச்சுது” என்றார் அந்தப் பெண். முழுக் கதையும் அங்கே அவிழ்ந்தது. குறுகல் சீட் எலும்பைத் தாங்கவில்லை. மெல்லிய தசை பாரத்தை ஏற்று வலித்தது. வலிக்குப் பயந்து மூக்கை இறக்கினார். இறக்கியதால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருந்தது. வழுக்காமல் இருக்கக் கையை ஊன்றினார். கை மரத்தது. வலி ஒரு இடம், காரணம் இன்னொரு இடம்.

அகலமான சீட் மாறியது, மட்டமாக வைக்கப்பட்டது. கோணமானியை முழங்காலில் வைத்துப் பார்த்தபோது 42 டிகிரி, சீட் தாழ்வு. நம் ஊர்ப் பழக்கம், கால் தரையில் எட்ட வேண்டுமே! நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கலாம், பாரின் இரு பக்கமும் காலூன்றலாம் என்று இறங்கி ஏறிக் காட்டினார். சீட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 32-க்கு வந்தது. அடுத்துத் தூக்குக்குண்டு. பெடல் முன்னால் கிடையாக நிற்கும்போது முழங்காலின் முன்புறத்திலிருந்து நூலை விட்டால் அது பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பது பழைய விதி. சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் இதற்குப் பௌதிகத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதி வருஷங்கள் ஆகின்றன. ஃபிட்டருக்கும் அது தெரியும். “எங்கேயாவது ஆரம்பிக்கணுமில்ல சார்” என்றார். நூலைப் பார்த்துவிட்டு, பிறகு கையை ஹேண்டிலிலிருந்து லேசாக எடுக்கச் சொன்னார். முன்னால் சரியாமல் அப்படியே மிதிக்க முடிந்தது. அதுதான் அவருக்கு உண்மையான சோதனை. கடைசியாக 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டார். தோள் காதை விட்டு இறங்கியது, முழங்கை மடங்கியது.

முடிந்ததும் சீட் போஸ்டில் ஃபிரேமை ஒட்டிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். யாராவது கழற்றினாலும் அந்தக் கோடு வரை இறக்கினால் போதும். சீட் உயரம், பின்தள்ளல், ஹேண்டில் தூரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தி.நகரில் தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்போமே, இனி எந்தச் சைக்கிள் வாங்கினாலும் அந்தத் தாளைக் கொடுத்தால் போதும். இன்னொன்றும் சொன்னார். கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து போஸ்டை ஃபிரேமோடு இறுக்கிவிடும், அதனால் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தரம் கழற்றித் துடைத்துப் போட வேண்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊருக்குத் தேவையான இந்த அறிவுரை எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்காது.

அந்த அறையில் தீராத ஒன்றும் இருந்தது. சைக்கிளில் முன்சக்கரத்தைத் திருப்பினால் அவருடைய ஷூவின் முனை டயரில் உரசியது. அந்தக் கம்பெனியின் மிகச் சின்ன ஃபிரேம்தான் அது. ஆனால் சக்கரம் மட்டும் பெரிய ஃபிரேமில் இருக்கும் அதே 700 அளவு. மெதுவாக வளைக்கும்போது பார்த்துத் திருப்பச் சொல்வதைத் தவிர ஃபிட்டரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டர். அவரைவிட ஐந்து சென்டிமீட்டர் உயரமான ஒருவருக்கே இந்த நிலை. டெரி இதைக் கண்டு, தீர்வும் செய்து காட்டி நாற்பது வருஷம் ஆகிறது. சின்னச் சக்கரமும் குட்டை கிராங்கும் உள்ள ரோடு சைக்கிளை அம்பத்தூரில் பற்றவைக்கத் தெரியாதவர்கள் இல்லை. ஐந்தடிப் பெண்ணுக்கு ஐந்தடிச் சைக்கிள் செய்ய வேண்டும் என்று இங்கே யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறார்கள். பையன்களுக்கு ஒரு அளவு, பெண்களுக்கு ஒரு அளவு. வரிசையில் நிற்கும் பிள்ளைகளோ நாலரை அடியும் உண்டு, ஐந்தே முக்கால் அடியும் உண்டு. சைக்கிளை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு, வந்த சீட் உயரத்திலேயே வீட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். அன்றைக்கு மைதானத்தில் ஸ்பேனரோடு இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். பிள்ளையைச் சீட்டில் உட்கார வைத்து, ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் பெடலில் குதிகாலை வைக்கச் சொல்ல வேண்டும். கால் அப்போதுதான் நேராக நீள வேண்டும். பிறகு குதிகாலை எடுத்து முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் தானாகவே தேவையான அளவுக்கு மடங்கும். சூத்திரம் வேண்டாம், விளக்கு ஒட்ட வேண்டாம், செருப்புக் காலோடும் செய்யலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் ஆகும்.